புரியாத காகிதத்தில் கையெழுத்து

தாராவியிலோ பாண்டுப்பிலோ கல்யாணிலோ ஒரு தகராறு நடக்கிறது. குழாயடியில் தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பில் முடிகிறது. ஒருவருக்கு மண்டை உடைகிறது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள். இரவோடு இரவாகப் போலீசார் வந்து நாலைந்து பேரை அழைத்துப் போகிறார்கள். பொழுது விடிவதற்குள் அந்த நாலைந்து பேரும் சில காகிதங்களில் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். காகிதத்தில் இருப்பது மராத்தி. போட்டவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். "அதில் என்ன எழுதியிருந்தது?" என்று பிறகு வக்கீல் கேட்டால், "போடச் சொன்னார்கள், போட்டேன்" என்பதுதான் பதில்.

பகலில் ரெயில்வே குமாஸ்தா வேலை, மற்ற நேரத்தில் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கும் வேலை என்று இருப்பவன் நான். வக்கீலுக்குப் படித்தவன் அல்ல. ஆனால் கோர்ட்டு வராந்தாக்களில் நம்மவர்கள் நிற்கும் கோலத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்து கொண்டேன். சட்டம் நமக்கு எதிராக இருப்பதால் வரும் கஷ்டத்தை விட, சட்டம் நம் பக்கம் இருப்பது தெரியாததால் வரும் கஷ்டமே அதிகம்.

மொழியின் கதையையே எடுத்துக் கொள்வோம். 2025 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. மும்பையில் 2024-ல் நடந்த ஒரு கார் விபத்து வழக்கில் எழுந்த அப்பீல் அது. ஒருவரைக் கைது செய்தால், எதற்காகக் கைது செய்கிறோம் என்ற காரணத்தை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியது. அந்த நேரத்தில் எழுதிக் கொடுக்க வசதி இல்லாமல் போனால் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டு முன் ரிமாண்டுக்குக் கொண்டு போவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்தே ஆக வேண்டும். தராவிட்டால் கைதும் செல்லாது, ரிமாண்டும் செல்லாது. எந்தக் குற்றமானாலும் இதுதான் விதி.

இது முழுக்கப் புதிய சங்கதியும் அல்ல. 1962-லேயே மராட்டிய மாநிலத்தில் இருந்து போன ஒரு தடுப்புக் காவல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதே கருத்தைக் கூறியிருக்கிறது. ஆங்கிலம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய உத்தரவைக் கொடுத்தார்கள். போலீஸ் அதிகாரி அதை வாயால் இந்தியில் விளக்கினார் என்று அரசுத் தரப்பு வாதாடியது. அது போதாது என்று கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

ஆகவே தமிழ் மட்டும் தெரிந்தவரைக் கைது செய்தால், காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். இது போலீசார் காட்டும் தயவு அல்ல. அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு கொடுத்திருக்கும் உரிமை. இந்த உரிமையைக் கேட்டு வாங்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எண்ணில் இருக்கிறது விஷயம்

அடிதடி வழக்கு என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். அதற்குள் எத்தனையோ படிகள் உண்டு. எந்தப் படியில் வழக்குப் பதிவாகிறதோ அதைப் பொறுத்து ஒருவர் அன்று மாலையே வீட்டுக்கு வரலாம். அல்லது ஆர்தர் ரோடு ஜெயிலில் பல மாதம் கிடக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சினிமா பார்த்து நமக்கு மனப்பாடமான 302 இப்போது 103 ஆகிவிட்டது. 307 என்ற கொலை முயற்சி இப்போது 109. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்தான்.

கையால் அடித்து ஏற்பட்ட சாதாரணக் காயம் 115(2). அதிகபட்சம் ஓர் ஆண்டு சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது மும்பையில் நாம் "என்.சி." என்று சொல்லும் வகை. வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாது. ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும்.

எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ, கண் போனாலோ, முகத்தில் அழியாத வடு விழுந்தாலோ அது கொடுங்காயம் ஆகிறது. அடிபட்டவர் 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அப்படியே. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. இதற்கு 117(2)-ன் கீழ் 7 ஆண்டு வரை சிறை. இதே காயத்தைக் கத்தி, அரிவாள் போன்ற ஆயுதத்தால் உண்டாக்கினால் 118(2). தண்டனை ஆயுள் வரை போகலாம்.

உயிரை எடுக்கும் எண்ணத்தோடு தாக்கியதாகப் போலீசார் கருதினால் 109. பத்தாண்டு வரை சிறை. காயமும் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை. அடிபட்டவர் இறந்து போனால் 103, அதாவது கொலை. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அல்லது 105, அதாவது கொலை ஆகாத மரணம். முன்னேற்பாடு இல்லாமல் திடீர்ச் சண்டையில், ஆத்திரத்தில் நடந்ததா, அடித்தவர் அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் கொண்டு கொடூரமாக நடந்து கொள்ளவில்லையா என்பதைப் பார்த்து இந்த வித்தியாசம் தீர்மானிக்கப்படும். தற்காப்புக்காக அடித்ததாக இருந்தால் அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கூட்டம் சேருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி, அந்த நோக்கத்தை நிறைவேற்ற அதில் ஒருவர் வெட்டினால், வெட்டாத நான்கு பேர் மீதும் அதே குற்றம் சாட்ட முடியும். "நான் சும்மா நின்று கொண்டிருந்தேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மை கோர்ட்டில் எடுபட வேண்டுமானால் முதல் நாளில் இருந்தே அதைச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும்.

இன்னொன்று. முதல் தகவல் அறிக்கையில் உள்ள எண் முடிந்த முடிவு அல்ல. அது வந்த புகாரை வைத்துப் போலீசார் எழுதியது. விசாரணை முடிந்து அவர்கள் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகையில் எண் மாறலாம். அதையும் படித்துப் பார்த்து நீதிபதி தாமே குற்றச்சாட்டை வனைகிறார். ஆதாரம் போதாது என்றால் அந்தக் கட்டத்திலேயே விடுவிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. "ரூபாய் கொடு, எண்ணை மாற்றித் தருகிறேன்" என்று சௌக்கி வாசலில் நிற்கும் தரகர் நம்மை மிரட்டுவது, இந்த மூன்று படிகளும் நமக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான்.

அதேபோல, "ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து விட்டார்கள், இனி வழக்கு இல்லை" என்று நம்மவர்கள் நிம்மதியாகப் படுத்து விடுவதும் உண்டு. சின்னக் காயத்துக்கு அது சரி. கொலைக்கும் கொலை முயற்சிக்கும் இரு தரப்பும் சமாதானம் என்று எழுதிக் கொடுத்து முடித்துக் கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை.

முதல் 24 மணி நேரம்

1986-ல் மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்-அப் சாவுகளைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது போலீசார் கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளை அந்தத் தீர்ப்பு விதித்தது. அவற்றில் முக்கியமானவை பிற்பாடு சட்டத்திலேயே சேர்க்கப்பட்டு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன.

கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெரியும்படி அடையாளம் தரித்திருக்க வேண்டும். கைதுக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தாரோ, அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ, அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததை நிலையத்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். விசாரணையின் போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். டாக்டர் பரிசோதிக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டின் பிரதியைக் கைதானவரிடமோ அவர் சொல்லும் ஆளிடமோ கொடுக்க வேண்டும். பெண்களை அபூர்வமான சந்தர்ப்பம் தவிர, இருட்டிய பிறகு கைது செய்யக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். "விசாரித்து விட்டு அனுப்பி விடுகிறோம்" என்று மூன்று நாள் உட்கார வைப்பது சட்டம் அறியாத காவல்.

மாஜிஸ்திரேட்டு முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் மிகவும் முக்கியமானவை. நம்மவர்கள் அங்கே கையைக் கட்டிக் கொண்டு தலை குனிந்து நிற்கிறார்கள். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். மொழி புரியவில்லை என்றால் அங்கேயே சொல்ல வேண்டும். வக்கீல் இல்லை என்றால் அங்கேயே கேட்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீசாரிடம் பட்ட அடியால் உயிர் இழந்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருந்து வந்து இந்த நகரத்தில் பிழைக்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்தச் செய்தியைப் படித்து அழுதது. டாக்டர் பரிசோதனையும் மாஜிஸ்திரேட்டு நேரில் பார்ப்பதும் வெறும் சடங்கானால் என்ன ஆகும் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எதில் கையெழுத்து, எதில் கூடாது?

போலீசாரிடம் ஒருவர் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக் கொண்டாலும் அதை அவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட்டில் வைக்க முடியாது. அவர் காட்டிக் கொடுத்து ஒரு கத்தியோ வேறு பொருளோ கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சேர்ந்த பேச்சு மட்டும் சாட்சியம் ஆகும். அதனால்தான் "பஞ்சநாமா" எழுதும்போது என்ன எழுதுகிறார்கள் என்பது முக்கியம்.

சௌக்கியில் எடுக்கும் "ஜபாப்" இருக்கிறதே, விசாரணையின் போது போலீசார் எழுதிக் கொள்ளும் அந்த வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போடத்தான் வேண்டும். அதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். படித்துக் காட்டாவிட்டால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "எனக்கு மராத்தி தெரியாது, படித்துச் சொல்லவில்லை" என்று தமிழில் எழுதி, தேதியும் நேரமும் போட வேண்டும். இந்த ஒரு வரி பிறகு வக்கீல் கையில் பெரிய ஆயுதம்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). ஒரிசா முதல்-மந்திரியாக இருந்த நந்தினி சத்பதி இதை வைத்துத்தான் 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். தன்னைக் குற்றத்தில் மாட்டி விடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை போலீஸ் விசாரணையிலேயே தொடங்கி விடுகிறது என்று கோர்ட்டு சொல்லியது. முன்னாள் முதல்-மந்திரிக்கு உள்ள உரிமைதான் தோல் கிடங்கில் வேலை செய்கிறவருக்கும், இட்லிக் கூடை சுமக்கிறவருக்கும்.

கோர்ட்டில் சாட்சி சொல்வது புரியாத மொழியில் இருந்தால், அதைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் அங்கேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இதுவும் சட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கிறது.

நாளை எண்ணுங்கள்

ஜாமீன் என்றால் பணம் உள்ளவர் சமாசாரம் என்று நினைக்கிறோம். ஒரு ஜாமீன் இருக்கிறது. அதற்குக் காலண்டர் போதும். மரண தண்டனையோ, ஆயுள் தண்டனையோ, பத்தாண்டும் அதற்கு மேலும் உள்ள சிறைத் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமானால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீன் கேட்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். முதல் ரிமாண்டு நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் குற்றப்பத்திரிகை வந்து விட்டால் அந்த உரிமை போய்விடும். ஊரில் இருக்கும் மனைவியோ தாயோ எப்படி நாள் எண்ணுவார்கள்? இங்கே இருக்கும் நாம்தான் எண்ண வேண்டும்.

குமாஸ்தா நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், கைதான தேதியில் இருந்தே சஸ்பெண்டு ஆனதாகக் கருதப்படுவார். ரெயில்வேயில் 1968-ம் ஆண்டு விதிகளில் இது இருக்கிறது. சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. கைதான தகவலை மேலதிகாரிக்கு மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். பட்டறையிலும் ஓட்டலிலும் வேலை செய்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. மறுநாளே அவர் இடத்தில் வேறு ஆள். ஒரு கைது ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்து விடுகிறது. குற்றவாளியா இல்லையா என்பது அதற்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

"கொலைகாரனுக்கு என்ன உரிமை?"

இப்படி எழுதினால் சிலர் கோபப்படுவார்கள். "வெட்டுப்பட்டவன் குடும்பத்தை நினைத்தீரா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் பிரதி இலவசம். அதற்காகக் கிடைத்த ஆளைப் பிடித்து ஒப்புக் கொள்ளச் செய்வது, வெட்டுப்பட்டவர் குடும்பத்துக்குச் செய்யும் நியாயம் ஆகாது. தவறான ஆள் உள்ளே இருந்தால் சரியான ஆள் வெளியே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

2008 நவம்பர் 26-ந் தேதி இரவு சத்ரபதி சிவாஜி டெர்மினசில் 50-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரெயில்வேக்காரர்கள் எவரும் மறக்க முடியாத இரவு அது. உயிரோடு பிடிபட்ட ஒரே ஆளான கசாப்புக்கும் சர்க்கார் செலவில் வக்கீல் வைத்துத்தான் வழக்கு நடந்தது. அதே வழக்கில் அவனுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேர் ஆதாரம் இல்லை என்று 2010-ல் விடுதலை செய்யப்பட்டார்கள். ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தன. கசாப்பின் தண்டனையும் உறுதியாகி நிறைவேறியது. முறையாக விசாரித்ததால் தண்டனை குறைந்து விடவில்லை. தண்டிக்கப்பட வேண்டியவன் யார், வேண்டாதவர் யார் என்பது பிரிந்தது. அந்த வழக்கின் 2012-ம் ஆண்டுத் தீர்ப்பில்தான், வக்கீல் வைத்துக் கொள்ள உனக்கு உரிமை உண்டு, வசதி இல்லாவிட்டால் சர்க்கார் வைத்துத் தரும் என்று கைதானவரிடம் முதல் நாளே சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டு அழுத்திச் சொல்லியது.

அப்படிப்பட்ட ஆளுக்கே மறுக்காததை, குழாயடிச் சண்டையில் பிடிபட்டவருக்கு மறுக்கலாமா?

சங்கங்கள் என்ன செய்யலாம்?

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். ஆனால் இந்த எண் எத்தனை சால் வீடுகளின் சுவரில் எழுதியிருக்கிறது?

மும்பையில் நமக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஊர்ச் சங்கம் உண்டு, மன்றம் உண்டு, கோவில் கமிட்டி உண்டு. பொங்கல் விழாவுக்கு மேடை போடுகிறோம். பட்டிமன்றத்துக்கு ஊரில் இருந்து ஆள் வரவழைக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் ஒரு பையன் கொலை வழக்கில் பிடிபட்டால் அதே சங்கத்துக் கதவு சாத்திக் கொள்கிறது. "நம் பேர் கெட்டுவிடும் அண்ணாச்சி, இதில் தலையிட வேண்டாம்" என்கிறார்கள். தலையிடுவது என்றால் போலீசாரிடம் போய்ச் சிபாரிசு செய்வது என்று மட்டுமே நினைப்பதால் வரும் பயம் இது. ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் கிடைக்கச் செய்வது சிபாரிசு அல்ல. அவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ நாம் தீர்ப்புச் சொல்லவும் வேண்டியதில்லை. அது கோர்ட்டின் வேலை.

ஒவ்வொரு சங்கமும் தமிழும் மராத்தியும் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரை நியமித்து வைக்கலாம். இங்கேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எந்த இரவிலும் கூப்பிட்டால் போலீஸ் நிலையத்துக்கு வருகிற ஒரு வக்கீலின் எண்ணைக் கேட்டு வாங்கி வைக்கலாம். கைதான தேதி, முதல் ரிமாண்டு தேதி, 60-வது நாள், 90-வது நாள் ஆகியவற்றைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். ஊரில் உள்ள குடும்பத்துக்குத் தகவல் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு விழாவின் மைக் செட் வாடகைக்கு மேல் வராது.

பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. "கொலைகாரன் கைது" என்று தலைப்புப் போடுவதை விட்டு, "கொலை வழக்கில் ஒருவர் கைது" என்று போட்டால் இரண்டு சொல்தான் அதிகம் ஆகும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் விழாக் கணக்கு வாசித்து முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்க வேண்டும்: "இன்றைக்கு ராத்திரி நம்மில் ஒருவரைப் போலீசார் அழைத்துப் போனால், அவரோடு போய் அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லப் போவது யார்?" அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் பதிலாக வர வேண்டும். அது போதும், தொடங்குவதற்கு.